அவளுக்கும் அதே இழுப்பு

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே இழுப்பு உண்டு. சாமை அடிக்கும் காலத்தில் களத்துப் பக்கம் தலைகாட்டினால் போதும், உள்ளே போன மூச்சு வெளியே வர வழி தெரியாமல் நெஞ்சுக்குள்ளேயே நிற்கும். மழைக்காலத்தில் அடுப்புப் புகை கூரைக்கு மேலே ஏறாமல் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும், அப்போதும் அப்படித்தான். மலைமேல் அரியூர் நாட்டில் எங்கள் ஊரில் வேறு எந்தப் பிள்ளைக்கும் இந்தத் தொல்லை இல்லை. என் வயதுப் பெண்கள் ஓடைக்குப் போய்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடேறி வருவார்கள். பேசிக்கொண்டே ஏறுவார்கள். அதுதான் எனக்குப் பொறுக்காது. ஏறுவது இருக்கட்டும், ஏறும்போது பேசவும் மூச்சு மிச்சமிருக்கிறதே இவர்களுக்கு என்று வயிறு எரியும்.

இழுப்பு என்றால் என்னவென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அது வந்தால் அம்மா தூதுவளை அரைத்துக் கொடுப்பாள், நெஞ்சில் எண்ணெய் தேய்ப்பாள். அண்ணன் தன் முதுகை எனக்குச் சாய்மானமாகக் கொடுத்து உட்கார்ந்திருப்பான். ஆனால் இழுப்பு விட்ட பிறகு எனக்கு இன்னொன்று வரும். அதற்கு எங்கள் வீட்டில் பெயர் கிடையாது. மூச்சு சீராக இருக்கும், வெளியே நல்ல வெயில் அடிக்கும், எனக்கோ பாயை விட்டு எழத் தோன்றாது. களி தின்றால் மண் மாதிரி இருக்கும். யாராவது பேசினால் தூரத்து ஊரில் பேசுவது போலக் கேட்கும். தலை வார மாட்டேன். சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டால் பொழுது சாயும்வரை அப்படியே கிடப்பேன்.

“இப்பத்தான் மூச்சு நல்லா இருக்குதில்ல? எந்திரிச்சு வாயேன்,” என்பாள் அம்மா. நான் அசையாவிட்டால் குரல் ஏறும். “மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுக் கெடந்தா ஊடு வெளங்குமா? நோவு போயிருச்சு, சோம்பலு போவலே.”

சோம்பல் என்றுதான் நானும் நம்பினேன். பூசாரி வந்து திருநீறு போட்டார். காற்று கருப்பு பட்டிருக்கிறது என்றார். அதையும் நம்பினேன்.

அப்போது உலகச் சண்டைக் காலம். மண்ணெண்ணெய் கிடைக்காமல் ஊரே பொழுதோடு சாப்பிட்டுப் படுத்துவிடும். அந்த வருஷம் தை மாதத்தில் எங்கள் ஊருக்கு மேலே இருந்த காபித் தோட்டத்துக்குப் புது ரைட்டர் வந்தார். தோட்டத்துக் கூலிக் கணக்குப் பார்ப்பவரை அப்படித்தான் சொல்வார்கள். முள்ளுக்குறிச்சிக்காரர். மனைவியையும் ஒரே மகளையும் கூட்டிக்கொண்டு மலையேறி வந்திருந்தார். அம்மா அவர்கள் வீட்டுக்கு நெல் குத்திக் கொடுக்கப் போக ஆரம்பித்தாள். முதல் நாள் திரும்பி வந்தவள் முறத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“அந்தூட்டுப் புள்ளைக்கும் உன்னாட்டமே இழுப்பு கண்ணு,” என்றாள். “மலைக்காத்து பட்டா நல்லாவும்னு கீழ டாக்டரு சொன்னாராம். அதுக்குத்தான் இந்த வேலையவே கேட்டு வாங்கிக்கிட்டு வந்தாங்களாம்.”

என்னைத் திணறவைக்கும் காற்று அவளுக்கு மருந்தா? என் மலை, என் காற்று. இரண்டும் நேற்று வந்தவளுக்கு நல்லது செய்யப் போகின்றனவாம். அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று. அவள் அப்பா அவளுக்காக ஊரையே விட்டு வந்திருக்கிறார் என்பதும் உள்ளே போய்த் தைத்தது. என் அப்பா நல்லவர்தான். ஆனால் எனக்காக அவர் பக்கத்துக் காட்டுக்குக்கூடக் குடி மாறியதில்லை.

அம்மா அதோடு நிறுத்தவில்லை. “அதுவும் ஒரு புள்ளைதான். மூச்சு வாங்கிக்கிட்டே என்ன சிரிப்புச் சிரிக்குது தெரியுமா?” என்றாள். அன்றைக்கு ஆரம்பித்தது என் பொறாமை.

சில நாள் கழித்து அம்மா என்னையும் அழைத்துப் போனாள். மேடு ஏறுவதற்குள் இரண்டு மூன்று இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். ரைட்டர் வீட்டுக்கு ஓட்டுக் கூரை. வாசலில் ஒரு நாற்காலியில் தலையணை வைத்து அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும், என்னைவிட ஒல்லி. தோள்கள் இரண்டும் காதுவரை தூக்கியிருந்தன. எனக்கு அந்த உட்காரும் விதம் தெரியும். அப்படி உட்கார்ந்தால்தான் மூச்சுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

என்னைப் பார்த்ததும் கையசைத்துக் கூப்பிட்டாள்.

“உனக்கும் இழுப்பாமே?”

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

“என் நெஞ்சுல ஒரு பூனைக்குட்டி இருக்குது. காதை வெச்சுக் கேக்குறியா?” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. இருமி முடித்துவிட்டு மறுபடி சிரித்தாள். “உன்னுது என்ன கத்துது?”

“ஒண்ணும் கத்தலே,” என்றேன்.

அம்மா பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து அல்ல, அவளைப் பார்த்து. அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா இருந்தது. சேலத்திலிருந்து வாங்கி வந்த பொடியாம். தட்டில் கொஞ்சம் கொட்டிப் பற்ற வைத்துப் புகையை மூக்கில் பிடித்தால் நெஞ்சு திறக்குமாம். எங்கள் வீட்டில் புகை என்றால் எனக்கு எமன். அவளுக்குப் புகையும் மருந்தாக இருந்தது.

மாசி, பங்குனி முழுக்க மலையில் ஈரம் குறைந்து காற்று தெளிவாக இருக்கும். எனக்கும் அந்த மாதங்களில் இழுப்பு அதிகம் வராது. அதை யாரும் கவனிக்கவில்லை. ரைட்டர் வீட்டுப் பெண்ணுக்கு உடம்பு தேறுகிறது என்பதுதான் ஊரெல்லாம் பேச்சு. அவளுக்கு எல்லோரும் ஏதாவது கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வைகாசியில் எங்கள் மரத்தில் முதல் பலா பழுத்தது. அம்மா அதை அரிந்து நல்ல சுளைகளாகப் பார்த்துத் தேக்கிலையில் கட்டினாள். எனக்கென்று நினைத்தேன்.

“அந்தப் புள்ளைக்குக் கொண்டுபோயிட்டு வாரேன்,” என்று கிளம்பிவிட்டாள்.

அதைக்கூட விட்டுவிடுவேன். அண்ணன் செய்ததைத்தான் விட முடியவில்லை. அவன் தோட்டத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒருநாள் மத்தியானம் நான் வேலி ஓரம் நின்றிருந்தபோது அவன் அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கி உட்கார வைத்துக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கினான். மீன் குஞ்சு பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டாளாம். அவள் அவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, “மெல்லப் போங்கண்ணா, மெல்ல,” என்று கூவிக்கொண்டு போனாள். அண்ணன் என்னையும் தூக்கியிருக்கிறான். மூச்சு நின்றுவிடும்போல் இருந்த நாட்களில் வைத்தியர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். மீன் பார்க்கத் தூக்கியதில்லை.

சாயங்காலம் அவன் வந்ததும் கேட்டேன்: “என்னைய ஏன் கூட்டிக்கிட்டுப் போவலே?”

அவன் திகைத்துப்போய் நின்றான். “நீ எங்க கண்ணு கேட்டே? வான்னு கூப்புட்டாலும் செவுத்தப் பாத்துல்ல படுத்துக்குவே.”

அது உண்மை. அதனால் இன்னும் எரிந்தது. நோயில் இருவரும் ஒன்று, ஆனால் அவளுக்குச் சிரிக்கத் தெரிந்திருந்தது. சிரிக்கத் தெரிந்த நோயாளியை ஊர் தூக்கிக்கொண்டு திரிகிறது. எனக்கு மட்டும் அது ஏன் வரவில்லை? படுத்துக்கொண்டு உதட்டை இழுத்துச் சிரித்துப் பார்த்தேன். கன்னம் வலித்தது, அவ்வளவுதான். அவளுக்கு இழுப்பு வந்து படுத்துவிட்டாள் என்று அம்மா வந்து சொல்லும் நாட்களில் எனக்கு ஏனோ பசி எடுக்கும். எழுந்து போய்க் களி போட்டுத் தின்பேன்.

ஆவணி மாதம் என்று நினைக்கிறேன். அம்மா காட்டில் களை எடுக்கப் போயிருந்தாள். ரைட்டர் வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு சீப்பு வாழைப்பழத்தை என்னிடம் வைத்துவிட்டுப் போயிருந்தாள். எனக்குப் போக மனமில்லை. ஆனாலும் அந்த வீட்டைப் பார்க்காமலும் இருக்க முடியாது. பொறாமை அப்படித்தான், பிடிக்காத இடத்துக்கே காலை இழுத்துக்கொண்டு போகும். மெதுவாக ஏறிப் போனேன்.

வாசல் நாற்காலி காலியாக இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முடி வாராமல் கலைந்து கிடந்தது. அவள் அம்மா பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

“வா கண்ணு,” என்றாள் சத்தமில்லாமல்.

“இழுப்புங்களா?”

“இல்லே சாமி. மூச்சு நல்லாத்தான் இருக்குது. இன்னைக்கு அவளுக்கு மனசு சரியில்லே.”

எனக்குப் புரியவில்லை. “யாராச்சும் வஞ்சாங்களா?”

“யாரும் வையலே. அப்படித்தான் வரும் அவளுக்கு. ஏன்னு அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வந்தா கொஞ்ச நாளு இருக்கும், அப்பறம் போயிரும்.”

நான் அந்த முதுகைப் பார்த்தேன். அது என் முதுகு. அசையாமல் அப்படிக் கிடப்பதற்கு எவ்வளவு பாரம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஊரே பார்க்கச் சிரித்துக்கொண்டிருந்தவள், நான் கிடப்பது போலவே கிடந்தாள்.

“நீங்க வைய மாட்டீங்களா?” என்று கேட்டேன்.

அந்தம்மா கடலை உரிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: “காச்சல்ல கெடக்குறவளை வைவாங்களா? இதுவும் அந்த மாதிரி ஒண்ணுன்னு நெனச்சுக்கிட்டேன். மொதல்ல நானும் வஞ்சவதான். வஞ்சா இன்னும் நாலு நாளு கூடக் கெடக்குறா.”

சுவர்ப் பக்கமிருந்து அவள் குரல் வந்தது. “பேசாம இருக்கறதுன்னா அவளும் உக்காந்துக்கட்டும்மா.”

உட்கார்ந்தேன். வாழைப்பழச் சீப்பைப் பாயோரம் வைத்தேன். கடலைத் தோல் உடையும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவள் அம்மா ஒரு கையை அவள் முதுகில் வைத்தாள். தேய்க்கவில்லை, தட்டவில்லை. வெறுமனே வைத்தாள். மறு கையால் கடலையை உரிக்க முடியாமல் பல்லால் கடித்து உடைத்தாள்.

அதுவரை நான் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது. நாற்காலி, பொடி டப்பா, பலாச்சுளை, அண்ணன் தோள் எல்லாவற்றையும் அவளே வைத்துக்கொள்ளட்டும். எனக்கு அந்தக் கை வேண்டும். சுவரைப் பார்த்துக் கிடக்க அவளுக்கு ஒரு வீடு இடம் கொடுத்திருந்தது. அதைச் சோம்பல் என்று யாரும் சொல்லவில்லை. எழுந்து கிளம்பும்போது எனக்கு மூச்சு தடுக்கியது. இழுப்பு என்று பயந்து நின்றேன். அழுகை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா காட்டிலிருந்து திரும்பி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியிலேயே நின்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் பேசி அவள் கேட்டதே இல்லை.

“அவளும் செவுத்தப் பாத்துத்தான் படுத்திருக்குறா! அவங்கம்மா பக்கத்துல உக்காந்துருக்குறாங்க. நான் படுத்தா மட்டும் நீ வையுறே!”

“என்னது?” என்றாள் அம்மா. ஊதுகுழல் கையிலேயே இருந்தது.

“எனக்கு மூச்சு நல்லாத்தான் இருக்கும். மனசுதான் எந்திரிக்காது. நான் என்ன பண்ணட்டும்? நீ அவளத்தான் பாக்குறே, அவளுக்குத்தான் சுளை கொண்டுபோறே…” அதற்கு மேல் மூச்சு விடவில்லை. நிஜமாகவே இழுப்பு வந்துவிட்டது.

அம்மா என்னைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தாள். வழக்கம்போல எண்ணெய் எடுக்கப் போனாள். வந்து தேய்த்துக்கொண்டே இருந்தாள். மூச்சு கொஞ்சம் இறங்கியதும் என் முகத்தைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தாள்.

“உனக்கும் உங்கண்ணனுக்கும் நடுவுல ஒருத்தன் பொறந்தான். உனக்குத் தெரியாது. அவனுக்கும் இழுப்புதான். நல்லாப் பேசிக்கிட்டிருந்த பையன். ஒருநாளு செவுத்தப் பாத்துப் படுத்தான். பேச மாட்டேன்னுட்டான், திங்க மாட்டேன்னுட்டான். சரி, கெடக்கட்டும், தானா எந்திரிப்பான்னு உட்டுட்டேன். மழை புடிச்சது. அடுத்த இழுப்புல போயிட்டான்.”

அவள் கை என் நெஞ்சில் நின்றது.

“நீ அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா எனக்கு ஈரக்கொலையே நடுங்குது சாமி. எந்திரிச்சிருன்னு வையுறேன். வேறென்னா பண்றதுன்னு எனக்குத் தெரியலியே.”

எனக்கு இன்னொரு அண்ணன் இருந்தான் என்பதே அன்றுதான் தெரியும். உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது துக்கம் இல்லை. அவன் மீதும் பொறாமைதான் வந்தது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாளே எல்லாம் மாறிவிடவில்லை. அடுத்த முறை நான் படுத்தபோதும் அம்மா வந்து “எந்திரி” என்றாள். சொல்லிவிட்டு நின்றாள். வெளியே போனாள். புடைக்க வேண்டிய சாமை முறத்தில் கிடந்தது, அதை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். தூசி எனக்கு ஆகாது என்று நினைவு வந்து திரும்பக் கொண்டுபோய் வாசலில் வைத்தாள். கடைசியில் வெறுங்கையோடு வந்து என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அம்மா வெறுங்கையோடு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கைகள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்த சத்தம் எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில், “ஏதாச்சும் பேசட்டுமா, பேசாம இருக்கட்டுமா?” என்று கேட்டாள்.

“பேசாம இரு,” என்றேன்.

இருந்தாள். அன்றைக்கும் பொழுது சாயும்வரை நான் எழவில்லை. ஆனால் ராத்திரி தின்ற களி மண்ணாக இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. வெள்ளை மேகம் வாசல்வரை வந்து நின்றுகொண்டது. மலைக்காற்று ரைட்டர் வீட்டுப் பெண்ணையும் ஏமாற்றிவிட்டது. டப்பாப் பொடி தீர்ந்துபோயிற்று, சண்டைக் காலத்தில் வேறு டப்பா கிடைக்கவில்லை. அவளைக் கீழே கொண்டுபோய்விடுவது என்று முடிவாயிற்று. மூங்கிலில் கம்பளியைத் தூளிபோலக் கட்டினார்கள். முன்னால் தூக்கியவன் என் அண்ணன். மழை விட்ட ஒரு காலை நேரத்தில் எங்கள் வாசல் வழியாகத்தான் போனார்கள். அவள் உதடு நீலமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்க முயன்றாள், வரவில்லை.

“நீயும் வாயேன்,” என்றாள். அதைச் சொல்லவே அவளுக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

“எனக்கு யாரு தூளி கட்டுவா?” என்றேன். என் வாயில் வந்தது அதுதான். அவள் அதற்குச் சிரித்தாள், சத்தமில்லாமல். தூளி வளைவில் மறையும்வரை நின்றேன். மழையும் புகையும் இல்லாத கீழ்நாட்டுக்கு அவள் போகிறாள், நான் இங்கேயே கிடக்கிறேன் என்று மனம் குமைந்தது. அதே மனம், அவள் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டது. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள எனக்கு இடம் இருந்தது.

அவள் பிழைத்துக்கொண்டாள். அண்ணன் சந்தைக்குப் போய்வரும்போதெல்லாம் சேதி கொண்டுவருவான். கீழே போனதும் தேறிவிட்டாளாம், ஆனால் இனி மலையேறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ரைட்டரும் வேலையை விட்டுவிட்டார். இதையெல்லாம் கேட்கக் கேட்க எனக்கு ஒரே பிடிவாதம் பிடித்தது. நானும் முள்ளுக்குறிச்சி போக வேண்டும். அவளைப் பார்க்க என்று வீட்டில் சொன்னேன். அவளுக்குக் கிடைத்த கீழ்நாட்டை நானும் பார்த்தாக வேண்டும் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

“நடந்துருவியா?” என்றார் அப்பா.

“நடக்குறேன். தூளி வேண்டாம்.”

மாசி மாதத்து நல்ல வெயிலில், சந்தைக்கு மிளகு விற்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பாறை பாறையாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினோம். நான் உட்கார்ந்த இடத்திலெல்லாம் அப்பாவும் மிளகு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு தடவைகூட “போலாமா” என்று கேட்கவில்லை. அம்மா சொல்லி அனுப்பியிருப்பாள். இறங்க இறங்கக் காற்று சூடாகிக்கொண்டே வந்தது. அடிவாரத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தபோது மலை முழுவதும் ஒரே சுவராகத் தெரிந்தது. அதிலிருந்தா இறங்கி வந்தேன் என்று எனக்கே நம்ப முடியவில்லை.

அவர்கள் வீடு சந்தைக்குப் பின்னால் இருந்தது. அவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். கன்னம் பூசினாற்போல் இருந்தது. எழுந்து ஓடி வந்தாள், ஆமாம், ஓடித்தான் வந்தாள். எனக்குச் சுருக்கென்றது. வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. புழுதி படிந்த என் காலைப் பார்த்தாள்.

“நடந்தா வந்தே?”

“ஆமா.”

“மேலேருந்தா? முழுசுமா?”

“ஆமா. உக்காந்து உக்காந்து.”

அவள் முகம் மாறியது. உதட்டைக் கடித்துக்கொண்டு மலையைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு மறுபடி என் காலை. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். மலையில் இருந்தவரை நான் அவளைப் பார்த்துவந்த பார்வை அது. ஒருத்தி என்னைப் பார்த்துப் பொறாமைப்படுவது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. பலாச்சுளையைவிட இனித்தது.

“என்னைத் தூக்கிக்கிட்டு வந்தப்ப கண்ணையே தொறக்கலே,” என்றாள். “வழியில என்ன இருக்குதுன்னே எனக்குத் தெரியாது. சொல்லேன்.”

அவள் அம்மா வறுத்த கடலையும் வெல்லமும் கொண்டுவந்து வைத்தாள். நான் மேலிருந்து ஆரம்பித்தேன். ஊற்று இருக்கும் பாறை, மந்திகள் மறித்த வளைவு, அப்பா கால் வழுக்கிய இடம், கீழே வயல்கள் முதன்முதலாகத் தெரிந்த மொட்டைப் பாறை. அவள் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டாள். மந்தி எத்தனை பெரிசு, ஊற்றுத் தண்ணீர் என்ன ருசி. எதையும் விடாமல் சொன்னேன், இல்லாததைக்கூட இரண்டொன்று சேர்த்துச் சொன்னேன். சந்தை கலைந்து, அப்பா மிளகை விற்றுவிட்டு வந்து வாசலில் நின்றபோது நான் இன்னும் பாதி மலைதான் இறங்கியிருந்தேன்.